வால்வு சாரின் மோக்கா பந்தயம்

“இது காபியா? நீயே சொல்லு, இது காபியா? பாத்திரம் கழுவின தண்ணியை வடிகட்டி ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டா இதைவிட மணமா இருக்கும்! மாடா உழைக்கிற மனுஷன் காலையில எழுந்து நல்ல காபிக்கு ஆசைப்பட்டா அது குத்தமா?”

வால்வு சார் சொன்னது இவ்வளவுதான். ஒரு எழுத்து கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்ததால் இதற்குச் சாட்சியும் உண்டு.

அவர் மனைவி அம்மணி பால்கனியில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து ஜன்னல் திரைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். காலை மிதியிலிருந்து எடுக்கவில்லை.

“தாராளமா ஆசைப்படலாமே. ஆசைப்பட்டவங்க அடுப்படிக்கும் போகலாமே. வழி தெரியுமா? ஃப்ரிட்ஜைத் தாண்டினதும் வலது பக்கம்.”

“கிண்டலா?”

“வழி சொன்னேன்.”

“நான் போட்டா எப்படி இருக்கும் தெரியுமா?”

“தெரியாது. இத்தனை வருஷத்துல தெரிஞ்சுக்கிற பாக்கியம் கிடைக்கல.”

மெஷின் கடகடவென்று ஓடியது. வால்வு சாருக்கு ரத்தம் கொதித்தது. கொதிப்பது அவருக்குப் புதிதில்லை. கொதிப்பதை மேற்பார்வை பார்ப்பதுதான் அவர் உத்தியோகம்.

அவர் பாய்லர் இன்ஸ்பெக்டர். சோப்பு ஆலை, சாய ஆலை, சலவை ஆலை என்று எங்கெல்லாம் பெரிய பெரிய கொதிகலன்கள் புஸ்புஸ் என்று மூச்சு விடுகின்றனவோ, அங்கெல்லாம் போய்த் தட்டிப் பார்த்து, தடவிப் பார்த்து, ‘இது வெடிக்காது’ என்று கையெழுத்துப் போடுகிற வேலை. ‘ஆவி சம்பந்தப்பட்ட உத்தியோகம்’ என்று ஒருமுறை பெருமையாகச் சொல்லப்போய், எதிர்வீட்டுக்காரர் ஒரு வாரம் அவரைக் கண்டாலே கதவைச் சாத்திக்கொண்டார். யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்னால் அடுப்படிக்குப் போய் கேஸ் சிலிண்டரின் வால்வைத் திருகிப் பார்ப்பார். அதனால் அவருடைய சகலை வைத்த பெயர் வால்வு. பிறந்தபோது வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருக்கிறது.

“ஆவிக்கே லைசென்ஸ் கொடுக்கிறவன் நான்!” என்று அவர் கையை உயர்த்தினார். “எனக்கு ஒரு கப் காபி எம்மாத்திரம்?”

மெஷின் நின்றது.

வால்வு சார் அந்த நிசப்தத்தைக் கவனித்திருக்க வேண்டும். ஓடுகிற இயந்திரம் சட்டென்று நின்றால் ஆபத்து என்று புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு வகுப்பெடுக்கிற ஆள் அவர். ஆனால் வீட்டில் அவருக்கு அந்த அறிவு வேலை செய்வதில்லை. செருப்போடு சேர்த்து வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வருகிறார்.

“பந்தயமா?” என்றாள் அம்மணி.

“பந்தயம்!” என்றார். அப்புறம்தான், “என்ன பந்தயம்?” என்று கேட்டார்.

“நாளையிலேருந்து காலைக் காபி உங்க பொறுப்பு. என்னைக்கு நான் குடிச்சுப் பார்த்து நல்லாயிருக்குன்னு சொல்றேனோ, அன்னைக்கே இந்த மெஷினைத் தூக்கி உள்ளே போட்டுடறேன். பால்கனி உங்களுக்கு. சாய்வு நாற்காலி போட்டுக்குங்க. காலை நீட்டிக்குங்க. ஏன்னு கேட்க மாட்டேன்.”

வால்வு சாருக்கு வாயில் எச்சில் ஊறியது. அந்த வீட்டில் காற்று வருகிற ஒரே இடம் பால்கனி. ஒரு மரக்கிளை தெரியும். தெருவில் போகிறவர்களின் வழுக்கைகளை மேலிருந்து பார்த்து ஆறுதல் அடையலாம். அவர் ஆசை ஆசையாக வாங்கிய சாய்வு நாற்காலி, போட இடமில்லாமல், படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் மடங்கி நின்றுகொண்டிருந்தது. கதவைத் திறக்கும்போதெல்லாம் அது முழங்காலில் ஒரு இடி இடித்துத் தன்னை ஞாபகப்படுத்தும்.

“நீ சொல்ற வரைக்கும்?”

“சொல்ற வரைக்கும் தினமும் நீங்கதான் போடணும். நடுவுல கைவிட்டா தோத்தீங்க. அப்புறம் ஆயுசுக்கும் பால்கனிப் பேச்சை எடுக்கக் கூடாது.”

“ரெண்டே நாள்! ரெண்டே நாள்ல உன் வாயால சொல்ல வைக்கிறேன்!”

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்காவது மழை பெய்தால்தான் வாய் திறக்கும்.

அன்று சாயங்காலமே கடைக்குப் போனார். காபி போடுகிற சாமான்கள் அலமாரி நிறைய இருந்தன. அவர் கண் ஒன்றன் மேல் மட்டும் நின்றது. இடுப்பு சிறுத்து, எட்டுப் பட்டை வைத்து, பளபளவென்று ஒரு சின்ன அலுமினியக் கூஜா. மோக்கா பாட் என்றார் கடைக்காரர். அடிப்பாகத்தில் தண்ணீர். நடுவில் சல்லடைக் கிண்ணத்தில் காபிப்பொடி. அடுப்பில் வைத்தால் ஆவி தண்ணீரைத் தள்ளும், தண்ணீர் பொடிக்குள் புகுந்து ஏறி, மேல்பாகத்தில் காபியாக வந்து விழும். விலாவில் ஒரு குட்டி சேஃப்டி வால்வு.

வால்வைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பிரசவ ஆஸ்பத்திரியில் சொந்த ஜாடையைப் பார்த்த தகப்பன் மாதிரி நின்றார்.

“இது பாத்திரம் இல்ல,” என்று வீட்டுக்கு வந்து அறிவித்தார். “இது பாய்லர்!”

“நல்லதாப் போச்சு. சமையல் கத்துக்கிட்டாருன்னு கெட்ட பேர் வராது,” என்றாள் அம்மணி.

மறுநாள் காலை. அம்மணி அடுப்படி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வால்வு சார் மோக்கா பாட்டைக் கழற்றினார், திருகுமரையைத் தடவினார், வாஷரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், வால்வை ஊதினார். ஒரு பாய்லருக்குச் செய்கிற சோதனை எல்லாம் செய்தார். கசிவு இருக்கக் கூடாது என்பது அவர் தொழில் தர்மம். ஆகவே பொடியை இரண்டு கட்டைவிரலாலும் அமுக்கி, ஸ்பூன் முதுகால் தட்டி, சிமெண்டுத் தளம் மாதிரி ஆக்கினார். தீயைப் பெரிதாக வைத்தார்.

தண்ணீருக்கு மேலே போக வழியில்லை. அடைபட்டவர்கள் எல்லோரும் செய்வதை அதுவும் செய்தது. வால்வைத் திறந்துகொண்டு வெளியேறியது.

‘ஙீ...’ என்று ஒரு கூவல். அடுப்படியே ஆவி. சுவர்க் கடிகாரம் வியர்த்துவிட்டது.

“பார்த்தியா! பார்த்தியா!” என்று வால்வு சார் குதித்தார். “சேஃப்டி வால்வு என்னமா வேலை செய்யுது பார்த்தியா!”

“பார்த்தேன். காபி எங்கே?”

வால்வு சார் மேல்பாகத்தைத் திறந்து பார்த்தார். நாலு சொட்டு இருந்தது. அம்மணி அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

“மண்ணெண்ணெய் ஸ்டவ்வை நக்கின மாதிரி இருக்கு. பொடியை இப்படி மிதிச்சு வச்சா பாவம் தண்ணி எந்த வழியா வரும்? பஸ்ல இடம் பிடிக்கிற மாதிரியா அடைப்பாங்க? தூவி விட்டுத் தடவி விட வேண்டியதுதானே?”

“எனக்குத் தெரியும்! வேணும்னுதான் அமுக்கினேன். வால்வு டெஸ்ட்!”

அடுத்த நாள் யாரும் பார்க்காதபோது பொடியைத் தூவி விட்டுத் தடவி விட்டார். காபி வந்தது. கரியும் கூடவே வந்தது.

“ரயிலா ஓட்டுறீங்க?” என்றாள் அம்மணி. இப்போது அவள் வாசலில் நிற்கவில்லை, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். “தீயை இந்த ஏத்து ஏத்தினா? காபி நடந்து வரணும், ஓடி வரக் கூடாது.”

தீயைச் சிறிதாக்கினார். காபி நடந்துதான் வந்தது. ஆனால் கடைசியில் அது கொரகொரவென்று இருமி, துப்பி, ஓய்கிற வரைக்கும் அடுப்பிலேயே விட்டு வேடிக்கை பார்த்தார். கசந்தது.

“இருமல் ஆரம்பிச்சதுமே இறக்காம, உயிர் போற வரைக்குமா பார்த்துக்கிட்டு நிப்பாங்க? வெளுப்பா நுரை தட்டினா உடனே இறக்கி அடியைக் குழாய்த் தண்ணியில காட்டினா அடங்கிட்டுப் போகுது.”

மறுநாள் இருமும்போதே இறக்கிக் குழாயில் காட்டினார். கசப்பு குறைந்தது.

“பச்சைத் தண்ணி சூடாகிற வரைக்கும் உள்ள இருக்கிற பொடி சும்மா வறுபடுதே. வெந்நீரை ஊத்தி வச்சா என்ன, குடியா முழுகிடும்?”

அதற்கடுத்த நாள் வெந்நீர் ஊற்றினார். சுடுகிற பாத்திரத்தை வெறுங்கையால் திருகி, ‘ஆ’ என்று கத்தினார். அதற்கும் பதில் வந்தது, படுக்கையறையிலிருந்து. “துண்டால பிடிச்சுத் திருகுங்க!”

ஆமாம், படுக்கையறையிலிருந்து. வாசல்படியிலிருந்து மேஜைக்கும், மேஜையிலிருந்து கட்டிலுக்கும் அம்மணி நகர்ந்துவிட்டதை வால்வு சார் கவனிக்கவில்லை. அவர் தன் கெட்டிக்காரத்தனத்தை வியந்துகொண்டிருந்தார். கோபத்தில் அவள் உளறிவிடுகிறாள், அதையெல்லாம் நைசாகப் பொறுக்கிக்கொள்கிறோம் என்று நினைத்து, குழாயடியில் தனியாகச் சிரித்துக்கொண்டார். பொடி மாவாக இருக்கிறது, கடையில் கொஞ்சம் கரகரப்பாக அரைக்கச் சொன்னால்தான் என்ன என்று அவள் சிடுசிடுத்த அன்றே போய் அரைத்துக்கொண்டு வந்தார். ஊற்றும் முன் ஒரு கலக்குக் கலக்கக் கையில் சுளுக்கா என்று அவள் கேட்டதற்கு மறுநாள் கலக்கினார்.

காபி உண்மையாகவே நன்றாக வந்துவிட்டது. தேன் நிறம், மேலே மெல்லிசாக நுரை, மாடிப்படி வரைக்கும் மணம். அம்மணி போர்வைக்குள்ளிருந்து கையை மட்டும் நீட்டி வாங்கிக் குடித்தாள். முழுசும் குடித்தாள். கப்பைக் கவிழ்த்துப் பார்த்தாள்.

“எப்படி?” என்றார் வால்வு சார். சாய்வு நாற்காலியைப் போர்த்தியிருந்த துணியை அன்று காலையிலேயே உருவி வைத்திருந்தார்.

“ம்.”

“ம்-ன்னா?”

“பரவாயில்லை. தேறிடுவீங்க. சூடு ஒரு துளி பத்தல.”

மறுநாள் கொதிக்கக் கொதிக்கக் கொடுத்தார். “நாக்கு பொத்துப்போச்சு. சூட்டுல ருசியே தெரியல.” அதற்கடுத்த நாள் பதமான சூடு. “நேத்து இருந்த மணம் இன்னைக்கு எங்கே போச்சு?” மணமும் வந்தது. “எனக்குத் தடுமம். இன்னைக்கு எது சொன்னாலும் அது நியாயமா இருக்காது.”

கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்பார்கள். இது கழுவுகிறவரையே கழுவுகிற மீன்.

விஷயம் வால்வு சாருக்கு உறைத்தது வீட்டில் அல்ல, ஒரு சோப்பு ஆலையில். பெரிய பாய்லரின் அடியில் தவழ்ந்து, கரி பூசிய முகத்தோடு அவர் வெளியே வந்தபோது, ஆலை முதலாளி குழைந்துகொண்டே சொன்னார்: “நீங்க எதுக்கு சார் கஷ்டப்படறீங்க? நானே நேத்து சுத்திப் பார்த்துட்டேன். ஒரு குறையும் இல்ல. நீங்க கையெழுத்து மட்டும் போட்டா போதும்.”

வால்வு சார் சுத்தியலை நீட்டினார். “உங்க பாய்லருக்கு நீங்களே சோதனைக்காரரா? இதுல லாபம் யாருக்கு? உங்களுக்கு. தீர்ப்புச் சொல்றது யாரு? நீங்க. லாபம் பார்க்கிறவனே தீர்ப்பும் சொன்னா, அந்தத் தீர்ப்பு எப்படி ஐயா...”

வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. சுத்தியல் காலில் விழுந்தது. அதுகூடத் தெரியவில்லை.

அவள் ஏன் சொல்வாள்? சொன்னால் பால்கனி போகும். அதோடு போர்வைக்குள் வருகிற காபியும் போகும். சொல்லாமல் இருக்க அவள் ஒன்றுமே செய்ய வேண்டாம், சும்மா ‘ம்’ என்றால் போதும். படிவத்தில் கமா ஒன்று குறைந்தாலும் பாய்லரை நிறுத்திவைக்கிற மனுஷன், இப்படி ஒரு பந்தயத்துக்கு எழுந்து நின்று சம்மதம் சொல்லியிருக்கிறார்!

ஆலையிலிருந்து திரும்புகிற வழியெல்லாம் யோசித்தார். மாடிப்படி ஏறும்போது யோசனை உதித்தது.

அம்மணிக்கு ஒரு பலவீனம் உண்டு. பெற்ற தாய் மாதிரி புருஷனை வாய்க்கு வந்தபடி பேசுவாள். ஆனால் அடுத்த வீட்டார் எது செய்து கொடுத்தாலும் முகம் கோணாமல் பாராட்டுவாள். கரிந்த கேக்கை இரண்டு துண்டு சாப்பிட்டு, ‘எப்படிங்க இவ்வளவு மொறுமொறுப்பா வந்தது?’ என்று கேட்ட புண்ணியவதி. அப்படியானால், தன் காபியை அடுத்த வீட்டுக் காபியாக அவள் கையில் கொடுத்துவிட்டால்? சாட்சிகள் முன்னால் அவள் ‘நல்லாயிருக்கு’ என்பாள். உடனே கதவுக்குப் பின்னாலிருந்து பாய்ந்து, ‘போட்டது நான்!’ என்று சொல்லிவிட வேண்டியதுதான்.

கீழ்வீட்டில் ஒரு பல் டாக்டரம்மா இருந்தார். முன்னறையிலேயே கிளினிக். வால்வு சார் போய், நோயாளி நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்து, திட்டத்தைச் சொன்னார்.

“வர்ற ஞாயித்துக்கிழமை என் கொழுந்தியாளும் சகலையும் வர்றாங்க. காலையில ஃப்ளாஸ்க்ல காபியை உங்ககிட்டக் கொடுத்துடறேன். அவங்க வந்ததும் நீங்க மேலே கொண்டுவந்து, நான் போட்டேன்னு சொல்லிக் கொடுக்கணும். அவ்வளவுதான்.”

“பொய் சொல்லணுமா சார்?”

“‘வலிக்காது’ன்னு தினமும் சொல்றீங்களே டாக்டரம்மா.”

டாக்டரம்மா கொஞ்சம் யோசித்தார். “சரி. ஆனா தினமும் காலையில எனக்கும் ஒரு கப் வரணும். வெளியில யாருக்கும் தெரியக் கூடாது.”

பெரிய மனுஷி, கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு வால்வு சார் தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. “பொடி தீர்ந்துபோச்சு, இன்னைக்குக் காபி கொஞ்சம் லேட்டாகும்,” என்று அம்மணியிடம் சொல்லிவிட்டு, ஓசைப்படாமல் போட்டு, ஃப்ளாஸ்கைப் போர்வையில் சுற்றிக் கீழே கொண்டுபோய்ச் சேர்த்தார். அன்று வந்த காபி மாதிரி அதுவரை வந்ததே இல்லை.

கொழுந்தியாள் வந்தாள். பின்னாலேயே சகலை வந்தார். சகலை மெத்தைக் கடை வைத்திருப்பவர். விற்பதோடு நிற்காமல், தினமும் மத்தியானம் எல்லா மெத்தையையும் படுத்துப் பார்த்துத் தரம் சொல்பவர்.

“என்ன வால்வு அண்ணே, இளைச்சுட்டீங்க?” என்றபடி அகலமான நாற்காலியில் சரிந்தார்.

கதவு தட்டப்பட்டது. டாக்டரம்மா ஃப்ளாஸ்கோடு நின்றார். “நானே காபி போட்டேன். எல்லாரும் குடிச்சுப் பார்த்துச் சொல்லணும்.” பல் பிடுங்கும் முன் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு.

“அடடா, உங்களுக்கு எதுக்குங்க சிரமம்!” என்று அம்மணி எழுந்து கப் எடுத்து வைத்தாள். வால்வு சார் ஏதோ வேலை இருப்பது போலப் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றார். சாய்வு நாற்காலி முழங்காலில் இடித்தது. ‘இன்னும் அஞ்சு நிமிஷம் பொறு’ என்று அதைத் தட்டிக் கொடுத்தார்.

கொழுந்தியாள் குடித்தாள். “ஆஹா!” சகலை குடித்தார். “டாக்டரம்மா, பல்லைப் பிடுங்குற கையா இது? சொர்க்கம்!”

அம்மணி குடித்தாள். கப்பை வைத்தாள். மறுபடி எடுத்து இன்னொரு மடக்கு குடித்தாள். வால்வு சார் ஒரு காலை முன்னால் வைத்துப் பாய்வதற்குத் தயாரானார்.

“டாக்டரம்மா, தப்பா நினைச்சுக்கக் கூடாது.”

“சொல்லுங்க.”

“எங்க வீட்டுக்காரர் போடுற காபியைக் குடிச்சுப் பழகின நாக்குக்கு இது இறங்கல. அவர் காபிக்கு இது கால்தூசி பெறாது.”

வால்வு சாருக்கு நெஞ்சு விம்மியது. பதினெட்டு, பத்தொன்பது வருஷக் குடும்ப வாழ்க்கையில் நாலு பேர் நடுவில் அவள் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை! சட்டைக் காலர் தானாக எழும்பியது. கதவுக்குப் பின்னாலிருந்து மிதந்து வந்தார்.

“அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல,” என்றார் வெட்கத்தோடு. “டாக்டரம்மா, நீங்க தீயைக் கொஞ்சம் ஜாஸ்தி வச்சிருப்பீங்க. வெந்நீர் ஊத்தினீங்களா? ஆரம்பத்துல எல்லாருக்கும் வர்ற தப்புதான். காபிங்கிறது நடந்து வரணும், ஓடி வரக் கூடாது.”

டாக்டரம்மா அவரையே பார்த்தார். மயக்க ஊசி போடாமலே மயங்கிப்போன நோயாளியைப் பார்ப்பது போல.

“அப்படியா சேதி!” என்று சகலை நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்ப உங்க கையால போடுங்க அண்ணே! இதுவே சொர்க்கம்னா அது எப்படின்னு பார்த்துடலாம்.”

“இதோ!” என்று வால்வு சார் அடுப்படிக்குப் பறந்தார்.

பாட்டைக் கழற்றி, வெந்நீர் ஊற்றி, பொடியைத் தூவித் தடவி, துண்டால் பிடித்துத் திருகி, சின்னத் தீயில் வைத்தார். அது லேசாக முனக ஆரம்பித்தபோதுதான் அவருக்குப் புத்தி திரும்பி வந்தது.

“மாட்டிக்கிட்டே!” என்றார், பின்னாலேயே கப் எடுக்க வந்த அம்மணியிடம், தாழ்ந்த குரலில். “என் காபி ஒசத்தின்னு சொல்லிட்டே. மூணு சாட்சி. பால்கனி என்னுது!”

“குடிச்சுப் பார்த்துச் சொன்னாத்தானே பந்தயம்? இன்னைக்கு உங்க காபியை நான் எங்கே குடிச்சேன்? பொடி தீர்ந்துபோச்சுன்னு சொன்னீங்க.”

“குடிச்சியே! இப்பத்தானே, அந்த ஃப்ளாஸ்க்ல...” சட்டென்று நிறுத்தினார்.

“ஃப்ளாஸ்க்ல?”

“ஒண்ணுமில்ல.”

“அது டாக்டரம்மா காபிங்க. கால்தூசி பெறாதுன்னு சொன்னேனே, அதுதானே கேக்கிறீங்க?”

வால்வு சார் குரலை இன்னும் தாழ்த்தினார். “சரி. ஒரு பேச்சுக்கு, அதை நான் போட்டேன்னு வச்சுக்குவோம்.”

“அப்ப உங்க காபி நல்லாயில்லைன்னு நாலு பேர் முன்னாடி சொல்லியாச்சு. நாளைக்குத் திரும்பப் போடுங்க.”

“நான் போடலைன்னு வச்சுக்குவோம்?”

“அப்ப இன்னைக்கு உங்க காபியை நான் குடிக்கவே இல்ல. நாளைக்குத் திரும்பப் போடுங்க.”

அவர் இந்தப் பக்கம் முட்டிப் பார்த்தார், அந்தப் பக்கம் முட்டிப் பார்த்தார். பாய்லருக்காவது ஒரு வால்வு இருக்கிறது. புருஷனுக்கு அதுகூட வைக்கவில்லை.

“உனக்கு எப்படித் தெரிஞ்சுது?” என்றார் கடைசியில், பரிதாபமாக.

“அந்த வீட்டுல ஏதுங்க காபிப்பொடி? ‘காபி பல்லைக் கறையாக்கும், தவிர்க்கவும்’னு கிளினிக் வாசல்ல ஆளுயரத்துக்குப் பலகை மாட்டி வச்சிருக்காங்க. தினமும் அதைத் தாண்டித்தான் மாடி ஏறுறீங்க. அதுல வால்வு இல்லாததால உங்க கண்ணுல படல.”

“இந்த மோக்கா சமாசாரமெல்லாம்? வெந்நீர், சின்னத் தீ, அதெல்லாம் உனக்கு யார் சொன்னது?”

“குக்கரோட குடித்தனம் பண்றவளுக்கு ஆவியைப் பத்தி ஒருத்தர் வந்து சொல்லணுமா?” அம்மணி கப்புகளைத் தட்டில் அடுக்கினாள். “அதோ, இருமுது பாருங்க. இறக்குங்க.”

இறக்கினார். குழாயில் காட்டினார். கலக்கினார். அந்தக் கூஜாவில் ஒரு தடவைக்கு வருகிற காபி இரண்டு கப்புக்குத்தான் காணும். அம்மணி அதைத் தட்டோடு வாங்கிக்கொண்டு போனாள். “இன்னும் ரெண்டு வேணும், சீக்கிரம்.”

இரண்டாவது பாட்டை வைக்கும்போது வெளியே தரதரவென்று எதையோ இழுக்கிற சத்தம் கேட்டது. வால்வு சார் எட்டிப் பார்த்தார். தையல் மெஷின் ஹாலில் நின்றது. பால்கனி காலி!

ஓடினார். காலிதான், ஆனால் காலியில்லை. அம்மணி, கொழுந்தியாள், டாக்டரம்மா மூன்று பேரும் சாப்பாட்டு மேஜை நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில், மரக்கிளைக்கு நேர் கீழே, சாய்வு நாற்காலி விரிந்திருந்தது. அதில் சகலை, மெத்தைக்குத் தரம் சொல்கிற அதே தோரணையில், காலை நீட்டிப் படுத்திருந்தார்.

“அண்ணே, அருமையான நாற்காலி. இவ்வளவு நாளா எங்கே வச்சிருந்தீங்க?”

“மெஷினை எடுத்துட்டியே!” என்றார் வால்வு சார் அம்மணியிடம்.

“விருந்தாளி வந்தா காத்தாட உக்கார வைக்க மாட்டாங்களா? அவங்க கிளம்பினதும் மெஷின் இங்கே வந்துடும். அடுப்புல என்னமோ சத்தம் கேக்குதே?”

ஓடினார். இறக்கினார். ஊற்றினார். கொண்டுவந்து கொடுத்தார்.

“நல்லாயிருக்கு!” என்றார் சகலை. “மோக்காவைப் போய் மொக்கைன்னு நினைச்சேனே! நல்லாயிருக்கு அண்ணே!”

“அத்தான், நல்லாயிருக்கு! சத்தியமா நல்லாயிருக்கு!” என்றாள் கொழுந்தியாள். “ஏங்க, நீங்களும் கத்துக்குங்க.”

“நல்லாயிருக்கு சார்,” என்றார் டாக்டரம்மா. “ஃப்ளாஸ்கைக் கழுவி இங்கேயே வச்சுட்டுப் போறேன். காலையில நிரப்பிக் கொடுத்துடுங்க.”

மூன்று வாய் சொன்ன சொல் நாலாவது வாயில் வருமா என்று வால்வு சார் தட்டும் கையுமாக நின்றார். அம்மணி கப்பை ஊதினாள். குடித்தாள். கண்ணை மூடினாள். முகத்தில் ஒரு சுகம் பரவியது. அதை மறைக்கக்கூட அவள் சிரமப்படவில்லை.

“ம்,” என்றாள். “எல்லாருக்கும் இன்னொரு ரவுண்டு போடுங்க. அப்பத்தான் சரியாச் சொல்ல முடியும்.”

மூன்றாவது பாட், நாலாவது பாட். வால்வு சார் சட்டையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டுக்கொண்டார். நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்தார். காபி சும்மா சொல்லக் கூடாது, ஒவ்வொரு தடவையும் முந்தின தடவையைத் தூக்கிச் சாப்பிட்டது. ஒரே தாரையாக, பட்டு நூல் மாதிரி வந்து விழுந்தது. தட்டு நிறையப் போனது, காலியாகத் திரும்பியது. பொடி டப்பாவின் அடி தெரிந்தது. சுரண்டிப் போட்டுக் கடைசிப் பாட்டை வைத்தார். அதுதான் எல்லாவற்றிலும் உச்சம். வாசனை மூக்கில் ஏறியதும்தான், விடிந்ததிலிருந்து தன் தொண்டையில் ஒரு சொட்டு இறங்கவில்லை என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. அதற்குள் அம்மணி வந்தாள், தட்டை எடுத்தாள், போனாள்.

பால்கனியில் சகலை ஏதோ சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். கப்புகள் ஒன்றோடொன்று இடிபட்டன.

வால்வு சார் ஈரக் கையோடு அடுப்படி வாசலுக்கு வந்து எக்கிப் பார்த்தார்.

“யாராவது எனக்குக் கொஞ்சம் மிச்சம் வைங்களேன்!”